ஆப்பிள் ஜூஸும் பழைய ஜாடியும்: டெவன் வயிற்று வலியின் கதை

1)
இங்கிலாந்தில் படிக்கும் என் அக்கா பையன் போன வாரம் வாட்ஸ்அப்பில் ஒரு போட்டோ அனுப்பினான். சூப்பர் மார்க்கெட்டில் வாங்கிய 2 லிட்டர் ஆப்பிள் ஜூஸ், ஒரு பாக்கெட் ஈஸ்ட், பக்கத்தில் பச்சை நிறத்தில் பளபளவென்று ஒரு பழைய மண் ஜாடி.

"மாமா, ரூம்லயே சைடர் போட்டிருக்கேன். பத்து நாள்ல ரெடியாம். குடிச்சா ஒண்ணும் ஆகாதே? மெத்தனால் அது இதுன்னு பசங்க பயமுறுத்துறாங்க."

2)
பழச்சாறு தானாகப் புளிக்கும்போது உண்டாகும் மெத்தனால் மிகச் சொற்பம். நாம் செய்திகளில் படிக்கும் சாவுகள் பெரும்பாலும் தொழிற்சாலை மெத்தனாலைச் சாராயத்தில் கலப்பதால் வருபவை. அதனால் அவன் கேட்ட கேள்வி என்னைப் பயமுறுத்தவில்லை. அவன் கேட்காத ஒன்றுதான் பயமுறுத்தியது.

"அந்த ஜாடி எங்கடா வாங்குன?"
"பழைய சாமான் சந்தைல மாமா. நூறு வருஷத்து ஜாடியாம். அஞ்சு பவுண்டுதான்."
"குடிச்சுட்டியா?"
"இன்னும் இல்ல. போட்டு நாலு நாள்தான் ஆச்சு."
"தொடாத. ராத்திரி கூப்பிடுறேன்."

அன்று இரவு அவனுக்குச் சொன்ன வரலாறுதான் இந்த இழை. கொஞ்சம் நீளம். பொறுமையா படிங்க.

3)
முதலில் சைடர் என்றால் என்ன?

ஆப்பிள் ஜூஸில் 100 மில்லிக்கு சுமார் 10 கிராம் சர்க்கரை இருக்கிறது. ஈஸ்ட் அந்தச் சர்க்கரையைத் தின்று ஆல்கஹாலையும் கார்பன் டை ஆக்ஸைடு வாயுவையும் வெளியே விடும். சர்க்கரை தீர்ந்ததும் மிஞ்சுவது 5 முதல் 6 சதவீத ஆல்கஹால் உள்ள புளிப்பான பானம். அவ்வளவுதான் சைடர்.

"புளிப்பான" என்ற வார்த்தையை மட்டும் மனசுல வெச்சுக்கோங்க. மொத்தக் கதையும் அதில்தான் இருக்கிறது.

4)
இப்போது 300 வருடம் பின்னால் போவோம். இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையில் டெவன் என்று ஒரு மாவட்டம். பார்க்கும் இடமெல்லாம் ஆப்பிள் தோட்டம். பண்ணைக்குப் பண்ணை சைடர் ஆலை.

அங்கே வயல் வேலைக்குப் போகிறவருக்குக் கூலியில் ஒரு பகுதி காசு, ஒரு பகுதி சைடர். அறுவடை நாட்களில் ஒரு ஆள் ஒரு நாளைக்குச் சில லிட்டர் குடிப்பது சாதாரணம். கூலிக்குப் பதில் மது கொடுக்கும் இந்த வழக்கத்தை 1887-ல்தான் சட்டம் போட்டு நிறுத்தினார்கள்.

5)
அந்த டெவனில் ஒரு நோய் இருந்தது. ஊர் பெயரையே வைத்து "டெவன் கோலிக்", அதாவது டெவன் வயிற்று வலி என்றார்கள்.

குடலை முறுக்கிப் பிழிவது போல வலி. நாள்கணக்கில் மலச்சிக்கல். வாந்தி. உடம்பு வெளுத்துப் போகும். அடுத்த கட்டத்தில் மணிக்கட்டு தொங்கிவிடும். கையை நீட்டச் சொன்னால் புறங்கையைத் தூக்க முடியாது. முற்றினால் வலிப்பு, பார்வை இழப்பு, சாவு.

யோசித்துப் பாருங்கள். கூலி வேலை செய்கிறவனுக்குக் கை விழுந்துவிட்டால் குடும்பத்தின் கதி?

6)
1724-ல் டெவனில் ஆப்பிள் அமோக விளைச்சல். சைடர் ஆறாக ஓடியது. அந்த வருடமே இந்த வயிற்று வலியும் கொள்ளை நோய் போலப் பரவியது.

பிளிமத் நகரில் ஜான் ஹக்ஸாம் என்று ஒரு மருத்துவர். நோயாளிகளை உன்னிப்பாகக் கவனித்து 1739-ல் இதைப் பற்றி லத்தீனில் ஒரு நூல் வெளியிட்டார். நோய்க்குறிகளை அவர் எழுதியிருப்பதைப் பார்த்தால் இன்றைக்கும் எந்த மருத்துவ மாணவனும் நோயைக் கண்டுபிடித்துவிடுவான். ஆனால் காரணம்? சைடரின் புளிப்புதான் குடலைக் கெடுக்கிறது என்று முடித்துவிட்டார்.

பாதி சரி. மீதிப் பாதிக்கு இன்னும் 28 வருடம் காத்திருக்க வேண்டியிருந்தது.

7)
இங்கே வருகிறார் நம்ம ஹீரோ ஜார்ஜ் பேக்கர். 1722-ல் டெவனில் பிறந்த மண்ணின் மைந்தர். லண்டனில் பேர் பெற்ற மருத்துவர். பின்னாளில் மூன்றாம் ஜார்ஜ் மன்னருக்கே வைத்தியம் பார்த்தவர்.

அவர் கேட்ட கேள்வி ரொம்ப எளிமையானது.

"ஹியர்ஃபோர்ட், குளோஸ்டர், வூஸ்டர் மாவட்டங்களிலும் சைடர் குடிக்கிறார்கள். அதுவும் புளிப்புதான். அங்கே ஏன் இந்த வயிற்று வலி இல்லை?"

குற்றவாளி புளிப்பு என்றால் எல்லா ஊரிலும் நோய் வந்திருக்க வேண்டும் இல்லையா?

8)
பானம் ஒன்று என்றால், வித்தியாசம் வேறு எங்கோ இருக்க வேண்டும். பேக்கர் ஆலைகளைப் பார்த்தார்.

ஹியர்ஃபோர்ட் பக்கம் ஆப்பிளை நசுக்கும் தொட்டியும் பிழியும் செக்கும் கல்லும் மரமுமாக இருந்தன. டெவனில் தொட்டியைப் பல கல் துண்டுகளைச் சேர்த்துச் செய்வார்கள். அந்த இணைப்புகளில் உருக்கி ஊற்றியது காரீயம். விரிசல் விட்டால் அடைப்பது காரீயம். பிழியும் இடத்தில் சாறு ஒழுகாமல் இருக்கச் சில இடங்களில் காரீயத் தகட்டையே விரித்திருந்தார்கள். பீப்பாயில் சைடர் அதிகம் புளிக்காமல் இருக்க உள்ளே காரீயத் துண்டு போடுவதும் உண்டு.

9)
ஆப்பிளில் இருக்கும் அமிலத்துக்கு மாலிக் அமிலம் என்று பெயர். சைடர் பழசானால் வினிகரின் அமிலமும் சேர்ந்துகொள்ளும். இந்த அமிலங்கள் காரீயத்தை மெல்ல மெல்ல அரித்துச் சாற்றில் கரைத்துவிடும்.

இதில் கொடுமை என்னவென்றால், வினிகர் அமிலத்தில் கரைந்த காரீயம் இனிக்கும். கசந்தால் துப்பிவிடுவோம். இனித்தால்?

ரோமானியர்கள் திராட்சைச் சாற்றைக் காரீயப் பாத்திரத்தில் சுண்டக் காய்ச்சி ஒயினை இனிப்பாக்கியதும் இதே வேதியியல்தான்.

10)
பேக்கர் சந்தேகத்தோடு நிற்கவில்லை. டெவன் சைடரை எடுத்து கந்தகம் கலந்த ஒரு கரைசலை விட்டுப் பார்த்தார். காரீயமும் கந்தகமும் சேர்ந்தால் கருக்கும். டெவன் சைடர் கருத்தது. ஹியர்ஃபோர்ட் சைடர் கருக்கவில்லை.

எக்ஸெட்டர் நகர மருத்துவமனையின் கணக்கையும் கேட்டு வாங்கினார். 1762 முதல் 1767 வரை இந்த நோயோடு சேர்க்கப்பட்டவர்கள் 285 பேர். ஒரே ஒரு ஊர் ஆஸ்பத்திரியில்!

11)
1767-ல் லண்டன் மருத்துவக் கல்லூரியில் தன் கட்டுரையை வாசித்தார். டெவன் வயிற்று வலி என்று தனி நோய் கிடையாது. வெள்ளையம் அரைப்பவனுக்கும் பெயிண்ட் அடிப்பவனுக்கும் வரும் அதே காரீய நஞ்சுதான் இது என்றார்.

நன்றி சொல்லியிருப்பார்கள் என்றுதானே நினைக்கிறீங்க?

12)
பிறந்த ஊரே அவரைத் திட்டித் தீர்த்தது. ஆலை முதலாளிகள் கொதித்தார்கள். சர்ச் மேடைகளில் பாதிரியார்கள் அவரை டெவனுக்குத் துரோகம் செய்த பிள்ளை என்றார்கள்.

இதற்குப் பின்னணி இருக்கிறது. 1763-ல் அரசு சைடருக்கு வரி போட்டது, ஒரு பீப்பாய்க்கு 4 ஷில்லிங். வீட்டில் செய்கிறவர்களும் தப்பவில்லை. வரி அதிகாரி வீட்டுக்குள் புகுந்து சோதிக்கலாம் என்றதும் சைடர் மாவட்டங்கள் கொந்தளித்தன. 1766-ல் அரசு பின்வாங்கியது. ஊரே போராடி சைடரைக் காப்பாற்றிய அடுத்த வருடமே நம்மூர் டாக்டர் ஒருத்தர் வந்து "உங்க சைடர்ல விஷம் இருக்கு" என்றால் சும்மா விடுவார்களா?

13)
பேக்கர் சைடரை நிறுத்தச் சொல்லவே இல்லை என்பதுதான் வேடிக்கை. காரீயத்தை எடுத்துவிட்டு நிம்மதியாகக் குடியுங்கள் என்றுதான் சொன்னார்.

திட்டினாலும் ஊர் மெதுவாகக் கேட்டது. ஆலைகளில் இருந்து காரீயம் கொஞ்சம் கொஞ்சமாக வெளியேறியது. அடுத்த சில பத்தாண்டுகளில் டெவன் வயிற்று வலியும் அரிதாகிப் போனது. ஒரு மருந்துகூட இல்லாமல் ஒழிந்த நோய் இது.

14)
ஆனால் ஒரு கிளைக்கதை பாக்கி. இதுதான் என் மருமகனுக்காக.

1778-ல் ஜேம்ஸ் ஹார்டி என்ற டெவன் மருத்துவர் இன்னொரு வழியைச் சுட்டிக்காட்டினார். ஆலையை மட்டும் பார்த்தால் போதாது, வீட்டில் சைடரை ஊற்றி வைக்கும் ஜாடியைப் பாருங்கள் என்றார்.

மண் ஜாடிக்குப் பளபளப்பு கொடுக்க மேலே பூசும் கண்ணாடிப் பூச்சில் அந்தக் காலத்தில் காரீயம் சேர்ப்பார்கள். தண்ணீர் வைத்தால் பெரிதாக ஒன்றும் ஆகாது. புளிப்பான சைடரை நாள்கணக்கில் ஊற வைத்தால் பூச்சிலிருந்து காரீயம் இறங்கிவிடும்.

15)
இதை நான் சொன்னதும் போனில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

"மாமா, என் ஜாடியில காரீயம் இருக்குன்னு சொல்றீங்களா?"

"இல்லடா. எனக்குத் தெரியாது. உனக்கும் தெரியாது. வித்தவனுக்கும் தெரியாது. அதான் சொல்றேன்."

16)
இந்த உண்மை டெவனுக்கு முன்பே உலகத்துக்குத் தெரியும் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

1690-களில் ஜெர்மனியின் உல்ம் நகரில் எபர்ஹார்ட் கோக்கல் என்ற மருத்துவர், மடத்துத் துறவிகளில் ஒயின் குடித்தவர்களுக்கு மட்டுமே வயிற்று வலி வருவதைக் கவனித்தார். புளித்த ஒயினை இனிப்பாக்கச் சேர்த்த காரீயப் பொடிதான் காரணம் என்று கண்டுபிடித்தார். அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் 1723-லேயே ரம் வடிக்கும் கருவிகளில் காரீயம் கூடாது என்று சட்டம் போட்டார்கள்.

அதற்கு அடுத்த வருடம்தான் டெவனில் அந்தக் கொள்ளை நோய்!

பாஸ்டனில் வளர்ந்த பெஞ்சமின் பிராங்க்ளின் 1786-ல் ஒரு நண்பருக்குக் காரீயத்தைப் பற்றி நீண்ட கடிதம் எழுதினார். பயனுள்ள ஒரு உண்மை தெரிய வந்த பிறகும் மக்கள் அதை ஏற்க எவ்வளவு காலம் பிடிக்கிறது என்று அதில் ஆதங்கப்படுகிறார்.

17)
"சரி டாக்டர், இது வெள்ளைக்காரன் கதை. நமக்கென்ன?" என்று கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை: ஈயச் சொம்பு.

நம் வீட்டு ரசம் வைக்கும் ஈயச் சொம்பு வெள்ளீயத்தில் செய்ய வேண்டியது. வெள்ளீயம் வேறு, காரீயம் வேறு. தமிழில் இரண்டுக்கும் "ஈயம்" என்ற பொதுப் பெயர் இருப்பதால் வரும் குழப்பம் இது. காரீயம் விலை குறைவு. வெள்ளீயத்தோடு அதைக் கலந்து செய்த சொம்பில் புளி ரசம் கொதித்தால் என்ன ஆகும் என்று இப்போது நான் சொல்ல வேண்டியதில்லை. பித்தளைக்கு ஈயம் பூசும்போதும் இதே எச்சரிக்கை வேண்டும். நம்பகமான இடத்தில் கேட்டு வாங்குங்க. சந்தேகமாக இருந்தால் அதைப் புளிப்புக்குப் பயன்படுத்தாதீங்க.

18)
காரீயத்துக்குப் பாதுகாப்பான அளவு என்று ஒன்று இல்லை. குழந்தைகளின் மூளையைத்தான் அது முதலில் பாதிக்கும். ரத்தத்தில் அதன் அளவைப் பார்க்கும் பரிசோதனை இருக்கிறது. விடாத வயிற்று வலி, மலச்சிக்கல், ரத்தசோகை மூன்றும் சேர்ந்து வந்து காரணம் புரியவில்லை என்றால் "வீட்டில் என்ன பாத்திரம்? என்ன வேலை பார்க்கிறீங்க?" என்று கேட்பது எங்கள் கடமை. கேட்கவில்லை என்றால் நீங்களே சொல்லுங்க.

19)
கடைசியாக, கடையில் வாங்கிய ஜூஸில் சைடர் போடலாமா?

தமிழ்நாட்டில் வீட்டில் மது தயாரிப்பது மதுவிலக்குச் சட்டப்படி குற்றம். இங்கே முயற்சி வேண்டாம். இங்கிலாந்தில் சொந்தக் குடிக்கு அனுமதி உண்டு. அங்கே இருப்பவர்கள் கவனிக்க: சார்பேட், பென்சோயேட் சேர்த்த ஜூஸில் ஈஸ்ட் சரியாக வளராது. புளிக்கும்போது இறுக மூடிய கண்ணாடி பாட்டில் வாயு அழுத்தத்தில் வெடிக்கும். உணவுக்கென்று செய்த பிளாஸ்டிக் அல்லது கண்ணாடிக் கலம், வாயு வெளியேற வழி, இரண்டும் அவசியம். ஆல்கஹால் எந்த வடிவில் வந்தாலும் உடம்புக்கு நல்லது கிடையாது என்பதையும் டாக்டராகச் சொல்லிவிடுகிறேன்.

20)
மறுநாள் காலை அவனிடமிருந்து மெசேஜ்.

"கொட்டிட்டேன் மாமா. ரெண்டு லிட்டரும் போச்சு. ஜாடியில பேனா போட்டு வெச்சிருக்கேன்."

பேனாவுக்குப் புளிப்பு கிடையாது. அங்கேயே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டேன்.

உங்க வீட்டிலும் பாட்டி காலத்து ஜாடியோ, அடையாளம் தெரியாத ஈயப் பாத்திரமோ இருந்தால் தூக்கி எறிய வேண்டாம். அலமாரியில் அழகாக வையுங்க. புளி, எலுமிச்சை, ஊறுகாய், ஜூஸ் மட்டும் அதில் வேண்டாம்.