ரொட்டி அடுப்பும் ரப்பர் புகைவீடும்

சிறிய அளவில் ரொட்டித் தொழில் நடத்தும் நம்மவர்கள் பலரின் குறை இது: "ராத்திரி பகலாக உழைத்தும் நேரத்துக்குச் சரக்குக் கொடுக்க முடியவில்லையே!" இதற்கு விடை நெகிரி செம்பிலான் ரப்பர் தோட்ட வரலாற்றில் இருக்கிறது.

முதலில் ரொட்டி. மாவு பிசைய 20 நிமிடம், உப்ப 90, உருட்டி அச்சில் வைக்க 20, மறுபடி உப்ப 60, சுட 35, ஆற 60 என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 285 நிமிடம். கை படும் வேலை 40 நிமிடந்தான்; மற்றதெல்லாம் காத்திருப்பு.

ரந்தாவ், லிங்கி, பகாவ் பக்கத் தோட்டங்களிலும் இதே கதைதான். விடியுமுன் பெரட்டு, குளிர்ச்சியில் பால் நன்றாக வடியும் என்பதால் இருட்டிலேயே மரம் வெட்டு. பால் வடியக் காத்திருந்து, வெயில் ஏறுமுன் வாளியில் சேர்த்து ஸ்டோருக்குக் கொண்டுபோக வேண்டும். அங்கே அமிலம் ஊற்றி உறைய வைத்து, மறுநாள் உருளையில் தகடாக்கி, சுமார் 4 நாள் புகைவீட்டில் தொங்கவிடுவார்கள்.

நாளுக்கு 500 தகடு, 4 நாள் புகை என்றால், புகைவீட்டில் 2,000 தகடுக்கு இடம் வேண்டும். 600 தகடு உருட்டினால் நாளுக்கு 100 தகடு வெளியே தேங்கும். உள்ளே நிற்கும் சரக்கு, வேகத்தை நேரத்தால் பெருக்கிய அளவு என்ற இந்த விதியை ஜான் லிட்டில் என்ற அமெரிக்க அறிஞர் 1961-இல் கணித முறைப்படி நிறுவினார். அடுப்பு மணிக்கு 40 ரொட்டிதான் சுடும் என்றால், 60 ரொட்டிக்கு மாவு பிசைந்து பயனில்லை, மிச்சம் புளித்துப்போகும்.

1965-இல் மலேசியத் தர ரப்பர் முறை வந்தது. ரப்பரைப் பொடியாக்கி வெப்பக் காற்றில் காய வைத்ததால், நாள்கணக்கு மணிக்கணக்காயிற்று. தாமதம் எங்கே என்று கண்டு, அந்த ஒரு கட்டத்தையே மாற்றினார்கள். வேலை பெரிய ஆலைகளுக்கு நகர, தோட்டத்துப் புகைவீடுகளின் தேவையும் குறைந்தது.

ஆனால் தாமதத்தின் நட்டத்தைச் சுமந்தவர் யார்? பால் வாளியிலேயே உறைந்தால் அது மட்ட ரகம். வெட்டியவருக்குக் கூலி குறையும். மழை பெய்தால் வெட்டு இல்லை. நாட்கூலிக்காரருக்கு நெடுங்காலம் அன்று சம்பளமும் இல்லை. தகடு காயும் நேரத்தைக் கணக்கெழுதிய கிராணியின் புத்தகத்தில், மழைக்காக லயத்தில் காத்திருந்த குடும்பத்தின் நேரத்துக்கு வரியே கிடையாது.

இன்று அந்தக் குடும்பங்களின் பிள்ளைகள் சிலர் சொந்தமாகத் தொழில் செய்கிறார்கள். அவர்களுக்குச் சொல்வது இதுதான்: ஒவ்வொரு கட்டத்துக்கும் ஆகும் நேரத்தை ஒரு வாரம் எழுதிப் பாருங்கள். எது மெதுவோ அதை முதலில் சரிசெய்யுங்கள். அடுப்பின் தாமதத்தை வேலையாளின் தூக்கத்தில் வெட்டி ஈடுகட்டாதீர்கள். வீட்டுப் பெண்களின் நேரத்தையும் கணக்கில் சேருங்கள். நம் பாட்டன் பாட்டிமாருக்குக் கிடைக்காத நியாயம், நம் அடுப்படியிலாவது கிடைக்கட்டும்.