பிரிண்டர் கேட்கும் பழைய அலைவரிசை

புது ரவுட்டர் மாட்டியாச்சு. போன், லேப்டாப் எல்லாம் நெட்டுக்குள்ள போயிடுச்சு, பிரிண்டர் மட்டும் வரமாட்டேங்குது. திருவள்ளூர், கும்மிடிப்பூண்டி சிப்காட் பக்கம் வீட்டிலேயே பில் போடுற சின்ன ஒர்க்‌ஷாப்காரங்களுக்கு இது பெரிய தலைவலி. லாரி வாசல்ல நிக்கும், டெலிவரி சலான் வெளியே வராது.

பிரிண்டரைத் திட்டுறதுக்கு முன்னாடி கொஞ்சம் வரலாறு. 1933-இல் பிரிட்டிஷ் அரசு போட்ட சட்டப்படி, லைசென்ஸ் இல்லாம வயர்லெஸ் கருவி வச்சிருந்தாலே குற்றம். நம்ம தாத்தா காலத்துல ரேடியோ கேட்கவே போஸ்ட் ஆபீஸ்ல வருஷா வருஷம் பணம் கட்டினாங்க. பழைய டிரங்குப் பெட்டியில அந்த லைசென்ஸ் புத்தகம் கிடைச்சாலும் கிடைக்கும், தேடிப் பாருங்க!

லைசென்ஸ் இல்லாத வயர்லெஸுக்கு வழி திறந்தது அமெரிக்கா, 1985-இல். கொடுத்தது என்னவோ மைக்ரோவேவ் அடுப்பு இரைச்சல் போடுற 2.4 கிகாஹெர்ட்ஸ் மாதிரியான, யாரும் பெரிசா விரும்பாத இடங்கள்தான். வைஃபையின் முதல் தரநிலை 1997-இல் அங்கேயே குடியேறியது. இந்தியாவில் குறைந்த சக்திக் கருவிகளுக்கு அந்த 2.4 லைசென்ஸ் இல்லாமல் கிடைத்தது 2005 ஜனவரியில்.

வீட்டு பிரிண்டர்கள் பலவற்றுக்கு இன்னும் 2.4 மட்டும்தான் தெரியும். பாகம் மலிவு, சுவரையும் ஓரளவு தாண்டும். புது ரவுட்டரோ 5 கிகாஹெர்ட்ஸையும் சேர்த்து ஒரே பெயரில் காட்டுது, பிரிண்டர் குழம்பிடுது. ரவுட்டர் செட்டிங்கில் 2.4-க்குத் தனிப் பெயர் கொடுங்க. பழைய ரவுட்டரோட பெயரையும் பாஸ்வேர்டையும் அப்படியே வச்சா, பெரும்பாலும் பிரிண்டர் தானாவே வந்து ஒட்டிக்கும்.