உள்ளிருந்து ஆறும் புண்

தட்டில் வெற்றிலை பாக்கு வைத்துக்கொண்டு மலர்க்குழுவினர் வீட்டுக்கு வந்தார்கள். "தீமிதிப் பொன்விழா மலரில் ஐயாவின் கட்டுரை இல்லாமல் இருக்கக்கூடாது" என்றார்கள். திரௌபதி அம்மனின் பெருமையை எழுத எனக்குத் தகுதி இல்லை. பாரதச் சொற்பொழிவையும் கூத்தையும் பிள்ளைப் பருவம் முதல் கேட்டு வளர்ந்த ஊருக்கு அதை நான் எழுதிக் காட்டுவது கொல்லன் தெருவில் ஊசி விற்பதாகும். எனக்குத் தெரிந்தது தீப்பட்ட தோல் ஒன்றுதான். முப்பது ஆண்டுகளுக்கு மேல் அதற்குக் கட்டுப் போட்டிருக்கிறேன். வேள்வித் தீயில் பிறந்தவளின் மலரில் தீயைப் பற்றியே எழுதுகிறேன். பிழை இருந்தால் அவள் பொறுத்தருள்வாள்.

குறளில் ஒரு சிறு சொல்

அடக்கமுடைமை அதிகாரத்தின் 129-ஆம் குறளில் வள்ளுவர் இரண்டு சூடுகளை ஒப்பிடுகிறார். நெருப்புச் சுட்டது ஆறிவிடும், நாக்குச் சுட்டது ஆறாது என்ற பொருள் நம் வீட்டுப் பிள்ளைகளுக்கும் தெரியும். என்னை நிறுத்தி வைப்பது அதற்குள் இருக்கும் 'உள்' என்ற சிறு சொல். ஆறும் என்று மட்டும் சொல்லிப் போயிருக்கலாம். அதற்கு முன்னால் இச்சொல்லை வைத்தார். பரிமேலழகர் அதை உள்ளம் என்று கொண்டார். புண் உடம்பில் கிடந்தாலும் மனத்தில் ஆறிவிடும் என்பது அவர் உரை. ஆறுவதைப் 'புண்' என்றும் ஆறாததை 'வடு' என்றும் வள்ளுவர் பெயர் மாற்றிச் சொன்ன நயத்தையும் அவர் விளக்குகிறார்.

அந்த உரைக்கு மறுப்புச் சொல்ல நான் யார்? ஆனால் தீப்புண் வார்டில் நின்றபடி இக்குறளை நினைத்தவனுக்கு இன்னொரு பொருளும் தட்டுப்படும். ஆறக்கூடிய தீப்புண் மெய்யாகவே உள்ளிருந்துதான் ஆறுகிறது. சுற்று ஓரத்திலிருந்து தோல் வளர்ந்து வருவது கொஞ்சம். புண்ணின் அடியிலிருந்து முளைத்து வருவதே மிகுதி. அந்த 'உள்' எங்கே இருக்கிறது, தீ அதை எப்போது அழிக்கிறது என்பதைச் சொல்வதே என் நோக்கம்.

பாலில் படியும் ஏடு

தோலின் அடுக்குகளைப் பற்றிப் பேசும்போது பண்டை மருத்துவர் சுசுருதரை வணங்காமல் தொடங்க எனக்கு மனம் வராது. சுசுருத சங்கிதையின் சரீரப் பகுதியில், நான்காம் இயலில், தோல் எப்படி உண்டாகிறது என்பதற்கு ஓர் உவமை வருகிறது. காய்ச்சும் பாலின்மேல் ஏடு படிவதுபோல, கருவில் ஏடு ஏடாகத் தோல் படிகிறது என்கிறார். அவ்வாறு படிந்தவை ஏழு என்று எண்ணுகிறார். அவபாசினி முதலாக மாம்சதரா ஈறாக ஏழுக்கும் பெயர் உண்டு. இன்ன ஏட்டில் இன்ன நோய் வரும் என்ற கணக்கும் உண்டு. தடிமன்கூடச் சொல்லியிருக்கிறார். ஒரு நெல்மணியை அளவாக வைத்துக்கொண்டால், மேல் ஏடு அதில் 18-இல் ஒரு பங்கு. அடி ஏடு இரண்டு நெல் தடிமன். இந்த அளவு சதைப்பற்றான இடத்துக்குத்தான், நெற்றிக்கும் மெல்லிய விரலுக்கும் பொருந்தாது என்று அவரே எச்சரிக்கிறார். கத்தி பிடித்தவன் மட்டுமே எழுதக்கூடிய வாக்கியம் அது.

இன்றைய உடற்கூறும் அதையே சொல்கிறது. மேல்தோல் கண்ணிமையில் 0.05 மில்லிமீட்டர், உள்ளங்காலில் 1.5 மில்லிமீட்டர் வரை இருக்கும். உள்ளங்காலின் மேல்தோலை நுண்ணோக்கியில் வைத்தால் ஐந்து படலங்கள் தெரியும். அதன் கீழே அடித்தோலில் மென்பகுதி, தடித்த பகுதி என இரண்டு. கூட்டினால் ஏழு. சுசுருதர் கண்டதும் இதுவும் ஒன்றா என்று அறிஞர்கள் வாதிடட்டும். வகுப்பில் இதைச் சொல்லும்போதெல்லாம் என் நெஞ்சு சற்று நிமிர்ந்ததை மட்டும் மறைக்க மாட்டேன்.

தீப்புண்ணையும் அவர் நான்காகப் பிரித்தார். நிறம் மட்டும் மாறுவது ஒன்று. கொப்புளம் கிளம்பிக் கடுமையாக எரிந்து மெல்ல ஆறுவது ஒன்று. அதிக ஆழமில்லாமல் பனம்பழ நிறத்தில் இருப்பது ஒன்று. சதை தொங்கி, நரம்பும் மூட்டும் எலும்பும் கெட்டு, காய்ச்சலும் தாகமும் மயக்கமும் தருவது மற்றொன்று. பனம்பழம் பழுத்து விழும் ஊரில் பிறந்த நமக்கு அந்த நிறத்தை யாரும் விளக்க வேண்டாம். ஐரோப்பாவில் ஃபேப்ரிசியஸ் ஹில்டானஸ் தீப்புண்ணை மூன்று படிகளாகப் பிரித்த நூல் 1607-இல்தான் வந்தது. 1832-இல் பாரிசின் டுப்புய்த்ரான் ஆறாக்கினார். கொதிக்கும் எண்ணெய் நுண்ணிய நாளங்களுக்குள் இறங்கிவிடுவதால் அதன் சூடு கொடியது என்றும் சுசுருதர் எழுதினார். வடைச் சட்டி கவிழ்ந்த கையைப் பார்த்தவர்கள் ஒப்புக்கொள்வார்கள்.

ஓரிடத்தில் மட்டும் நான் அவரோடு ஒத்துப்போகவில்லை. முதல் வகைப் புண்ணுக்கு அவர் வெம்மை காட்டச் சொல்கிறார். அதைச் செய்யாதீர்கள். ஏன் என்பது பின்னால் வரும்.

சூடும் நேரமும்

மேல்தோலில் இரத்தக் குழாய் இல்லை. அதன் அடிவரிசையில் உள்ள செல்கள் ஓயாமல் பிரிந்து, மேலே நகர்ந்து, கெராட்டின் நிரம்பி, இறந்து, செதிலாக உதிர்கின்றன. அடித்தோல் அப்படியன்று. கொலாஜன் இழைகள் அங்கே கயிற்றுக் கட்டில்போலப் பின்னிக் கிடக்கின்றன. அப்பின்னலுக்குள் இரத்தக் குழாய்களும் நரம்பு நுனிகளும் வியர்வைச் சுரப்பிகளும் மயிர்க்கால்களும் உள்ளன. அதற்கும் கீழே கொழுப்பு மெத்தை.

இங்கேதான் நான் தேடிய 'உள்' இருக்கிறது. மயிர்க்காலும் வியர்வைச் சுரப்பியும் மேல்தோலே கீழே இறங்கித் தோண்டிய கிணறுகள் போன்றவை. அவற்றின் சுவரில் மேல்தோலின் செல்களே வரிசையாக நிற்கின்றன. மேலே முழுவதும் வெந்துபோனாலும், கிணற்றின் அடியில் உயிரோடிருக்கும் செல்கள் ஏறி வந்து, பரவி, புதுத்தோலை விரித்துவிடும்.

அந்த ஆழத்துக்குச் சூடு இறங்குமா என்பதை வெப்பமும் நேரமும் சேர்ந்தே தீர்மானிக்கின்றன. ஹார்வர்டில் மோரிட்சும் ஹென்ரிக்கசும் செய்த ஆய்வு 1947-இல் வெளிவந்தது. 44 டிகிரி செல்சியஸ் சூடு தோலை அழிக்க 6 மணி நேரம் எடுத்தது. அதிலிருந்து 51 டிகிரி வரை ஒவ்வொரு டிகிரி ஏறும்போதும் தேவைப்படும் நேரம் ஏறக்குறைய பாதியானது. 70 டிகிரியில் ஒரு நொடிகூடத் தேவைப்படவில்லை. முட்டையின் வெள்ளைக்கரு சட்டியில் பட்டதும் கட்டியாகி வெளுக்கிறதே, அதுதான் தோலின் புரதங்களுக்கும் நேர்கிறது. வெந்த முட்டையைப் பச்சை முட்டையாக்க முடியாததுபோல, வெந்த புரதத்தையும் மீட்க முடியாது.

சூடு மேல்தோலோடு நின்றுவிட்டால் தோல் சிவந்து எரியும். சில நாளில் உரிந்து ஆறும். அடித்தோலின் மேற்பகுதியைத் தொட்டால், இரண்டு தோலுக்கும் இடையில் நீர் கோத்துக் கொப்புளம் எழும். நரம்பு நுனிகள் திறந்து கிடப்பதால் காற்றுப் பட்டாலே உயிர் போகும் வலி. ஆனால் கிணறுகள் பிழைத்திருக்கும். இரண்டு மூன்று வாரத்தில் ஆறிவிடும். அடித்தோலின் ஆழத்துக்குப் போனால் பெரும்பாலான கிணறுகள் வெந்துவிடும். மூன்று வாரத்துக்கு மேலும் இழுக்கும், தழும்பு தடிக்கும். முழுத் தோலும் வெந்தால் வெள்ளையாகவோ கருகியோ பதப்படுத்திய தோல்போல விறைத்துப்போகும். குத்தினால் வலிக்காது. நரம்பும் வெந்துவிட்டது. "வலியே இல்லை டாக்டர்" என்று நோயாளி சிரித்துக்கொண்டு சொல்லும்போது எங்கள் வயிறு கலங்கும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1953-இல் பர்மிங்காமில் டக்ளஸ் ஜாக்சன் ஒரே தீப்புண்ணில் மூன்று வட்டாரங்களைக் காட்டினார். நடுவில் செத்த பகுதி. விளிம்பில் சிவந்து, தானே தேறிவிடும் பகுதி. இரண்டுக்கும் இடையில், குருதி ஓட்டம் மந்தமாகி, பிழைப்பதா சாவதா என்று ஓரிரு நாள் ஊசலாடும் பகுதி. மருத்துவர் காப்பாற்றுவதும், அறியாதவர்கள் கெடுப்பதும் இந்த இடைப்பகுதியைத்தான்.

நீற்றறை

திருநாவுக்கரசர் சுண்ணாம்பு நீற்றறையில் ஏழு நாள் அடைக்கப்பட்டு ஊனமின்றி வெளிவந்ததைச் சேக்கிழார் பெருமான் பாடுகிறார். அங்கே அப்பர் கண்டது ஈசன் திருவடி நிழலின் குளிர்ச்சி. மருத்துவனாக அந்த இடத்தைப் படிக்கும்போது என் மெய் சிலிர்க்கும். நீற்றறையில் இரண்டு தண்டனைகள் இருந்தன. ஒன்று சூளையின் சூடு. மற்றொன்று சுட்ட சுண்ணாம்பின் காரம். ஈரம் பட்டால் அது தானே கொதிக்கும். அமிலம் பட்டால் புரதம் உறைந்து ஒரு பொருக்குத் தட்டி, பெரும்பாலும் அதுவே மேலும் இறங்காதபடி தடுக்கும். காரமோ கொழுப்பைச் சோப்பாக்கி, புரதத்தைக் கரைத்து, மணிக்கணக்கில் இறங்கிக்கொண்டே போகும். எந்தக் கிணற்றையும் அது விட்டுவைக்காது. உடம்பின் எல்லா 'உள்'ளும் அழியவேண்டிய இடத்தில் அடியவரின் உள் அழியவில்லை. அதற்கு மேல் விளக்கம் சொல்ல என் படிப்புக்கு எல்லை உண்டு.

பந்தியில் வெந்த கை

நான் பயிற்சி மருத்துவனாக இருந்தபோது, ஒரு கோயில் அன்னதானத்தில் வடிகஞ்சி கொட்டி முன்கை வெந்த சமையல்காரர் ஒருவர் வந்தார். அறுபது வயது இருக்கும். வருவதற்கு முன்பே யாரோ கை முழுக்க நீல மையை ஊற்றியிருந்தார்கள். புண் எவ்வளவு ஆழம் என்று பார்க்கக்கூட வழியில்லை. மையைக் கழுவி எடுப்பதற்குள் அவரும் அழுதார், எனக்கும் கண் நிறைந்தது. வாஸ்லின் தடவிய துணியால் மூடிக் கட்டினோம்.

பன்னிரண்டாம் நாள் கட்டை நனைத்துப் பிரித்தேன். செக்கச்செவேலென்ற புண்ணின் நடுவில், ஓரத்தை எங்கும் தொடாமல், கடுகளவு வெளிறிய புள்ளிகள் தெரிந்தன.

"என்ன டாக்டர் தம்பி, ரவை தூவின மாதிரி இருக்கு? சீழா?" என்றார்.

பெரிய மருத்துவர் குனிந்து பார்த்துவிட்டு, லென்சை என்னிடம் நீட்டினார். ஒவ்வொரு புள்ளியின் நடுவிலும் ஒரு மயிர்க்கால். "சீழ் இல்லீங்க ஐயா, உங்க தோல்தான் முளைக்குது" என்றேன்.

அவர் வெகுநேரம் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். "நாத்தங்கால் மாதிரி" என்றார். நான்கு நாளில் புள்ளிகள் வட்டங்களாகி, வட்டங்கள் ஒன்றையொன்று தொட்டன. வள்ளுவரின் அந்த ஒரு சொல்லை நான் கண்ணால் பார்த்தது அன்றுதான்.

கிணறுகள் வெந்துபோன புண்ணுக்கு வெளியிலிருந்துதான் நாற்று கொண்டுவர வேண்டும். 1869-இல் பாரிசில் ரெவெர்தான் சிறு சிறு தோல் துணுக்குகளைப் புண்ணில் பதித்துக் காட்டினார். இன்று நாங்கள் செய்யும் தோல் ஒட்டுக்கு அது முன்னோடி. ஆழ்ந்த புண்ணைச் சுசுருதர் சீந்தில் இலையாலோ நீர்த்தாவர இலையாலோ மூடச் சொன்னதும், நம் பாட்டிமார் தீப்பட்டவரை வாழை இலையில் கிடத்தியதும் ஒரே அறிவின் பாற்பட்டவை. இலை ஒட்டாது. கட்டுப் பிரிக்கும்போது புது நாற்றைப் பிடுங்காது. மும்பையில் மருத்துவர் கேஸ்வானி உருளைக்கிழங்குத் தோலை வைத்துக் கட்டியதும் அந்த வழியே.

பூக்குழியும் பால்குழியும்

சிவந்த கங்கு 500 டிகிரியைத் தாண்டும். ஆயினும் காப்புக் கட்டி நடப்பவர் பாதம் பிழைக்கிறது. கங்கு லேசானது, சூட்டை மெல்லத்தான் கடத்தும். சாம்பல் மூடியிருக்கும். ஒவ்வோர் அடியும் ஒரு நொடிக்குள் எழும்பிவிடும். உள்ளங்காலின் தடித்த மேல்படலமோ ஏற்கெனவே உயிரற்றது. இதைச் சொல்வதால் அன்னையின் அருள் குறைந்துவிடாது; அந்தத் தடித்த தோலைக் கொடுத்தவளும் அவள்தானே. ஆனால் தடுமாறி விழுந்தவரின் முழங்காலுக்கும் உள்ளங்கைக்கும் இந்தக் கணக்குச் செல்லாது. நடுவில் நின்றுவிட்டவருக்கும் செல்லாது.

முன்னோர் பூக்குழி முடியும் இடத்தில் பால்குழி வைத்தார்கள். சூடுபட்டதும் குளிர்ச்சி என்ற முறையை அவர்கள் அங்கே எழுதி வைத்ததாகவே நான் கொள்கிறேன். தீ விலகிய பின்னும் தோலுக்குள் சூடு தங்கி இறங்கிக்கொண்டிருக்கும். அதனால்தான் வெம்மை காட்டாதீர்கள் என்றேன். காயம்பட்டவருக்குப் பால்குழியில் ஓரடி வைத்தது போதாது. ஓடும் குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் காட்ட வேண்டும். பனிக்கட்டி வேண்டாம், மை, பற்பசை, சாணம், மாவு எதுவும் வேண்டாம். கொப்புளத்தை உடைக்காமல் சுத்தமான துணியால் மூடி மருத்துவமனைக்கு அனுப்புங்கள். ஊசலாடும் அந்த இடைப்பகுதி பிழைப்பது இதில் இருக்கிறது.

இளைஞர்களுக்கு ஒரு விண்ணப்பம். கண் தானம் போலத் தோல் தானமும் உண்டு. இறந்த 6 மணி நேரத்துக்குள் மெல்லிய ஏடாக எடுப்பார்கள். இரத்தவகை பொருந்த வேண்டியதில்லை. முழுத்தோலும் வெந்தவருக்குச் சொந்தத் தோல் தேறும்வரை அது போர்வையாக இருக்கும்.

விழாக்குழுவுக்கும் ஒன்று. இவ்வாண்டு பூக்குழியின் இரு பக்கமும் தண்ணீர்க் குழாய் இழுத்து, கடிகாரம் கட்டிய இரண்டு பேரை அங்கே நிறுத்துங்கள். குழாய்க்கான செலவு என்னுடையது. அன்னதானக் கூடத்தில் கஞ்சி வடிக்கும் இடத்திலும் ஒரு குழாய் போடுங்கள். அந்தச் சமையல்காரர் இப்போது இல்லை. அவர் பேரைச் சொல்லி அது ஓடட்டும்.