கோமாளிகளும் ஆவிகளும்: சிறுசெலவு நகைச்சுவைப் படங்களில் மக்கட் பிரிவினர்

ஈழத்துத் தமிழ்த் திரைப்படத்தை ஆராய்வோர் நகைச்சுவைப் படங்களை ஒரு வரியிற் கூறிக் கடந்துவிடுதல் வழக்கம். அவை கலைத்தரம் குன்றியவை என்பது அவர்தம் முடிபு. அதனை நாம் முற்றாக மறுக்கவில்லை. ஆயினும், இந்நாட்டின் பல்வேறு மக்களுக்குத் திரையிற் குரல் அளித்தவை எவை என வினவின், அப்படங்களையே நாடவேண்டியுள்ளது.

1976இல் வெளிவந்த ‘கோமாளிகள்’ இதற்குத் தக்க சான்று. இலங்கை வானொலி வர்த்தக சேவையில் ஒலித்த ‘கோமாளிகளின் கும்மாளம்’ என்னும் தொடர்நாடகமே இவ்வாறு திரைக்கு வந்தது. பெருமுதல் இல்லாத அக்காலப் படவுலகில், நேயர் செவிக்குப் பழகிய குரல்களே அதற்கு மூலதனமாயின. எஸ். ராமதாஸ் முஸ்லிம் பேச்சுத்தமிழில் மரிக்காராகவும், ரி. ராஜகோபால் யாழ்ப்பாணத்து அப்புக்குட்டியாகவும், எஸ். செல்வசேகரன் சிங்கள வாடை வீசும் தமிழில் உபாலியாகவும் தோன்றினர். பிராமணத் தமிழ் பேசிய ஐயரோ பி. எச். அப்துல் ஹமீத்! ஒருவர் மொழியை மற்றொருவர் இரவல் பெற்றனர். நகைப்பு அந்த இரவலிலேதான் பிறந்தது. எவரது பேச்சும் அங்கு ‘செம்மையான’ பேச்சாகக் கொள்ளப்படவில்லை; ஆதலின் எவரும் தனித்துத் தாழ்த்தப்படவுமில்லை. இதனை அப்படத்தின் பெருஞ்சிறப்பென்றே நாம் கருதுகின்றோம்.

எனினும் கீரியிலிருந்து நோக்கும் எமக்கு ஒரு குறை தோன்றுகின்றது. மன்னார்க் கரையின் பேச்சு அக்கூட்டத்தில் இல்லை. 1978இல் வெளிவந்த ‘வாடைக்காற்று’ எமது தீவின் பேசாலையிற் படமாக்கப்பட்டதாயினும், செங்கை ஆழியானின் அக்கதை நெடுந்தீவுக்குரியது. கடலும் மணலும் எம்முடையவை, கதை அயலாருடையது.

1983 யூலைக் கலவரத்தில் ஹெந்தளையில் இருந்த விஜயா கலையகம் தீக்கிரையானது. சிறிதாகத் துளிர்த்த ஈழத்துத் தமிழ்ப் படத்துறை அதன்பின் நெடுங்காலம் தளர்ந்தது. எமது சிரிப்பும் பெரும்பாலும் தமிழகத்திலிருந்தே வந்தது. அவ்வரவுகளுள் அண்மைக்காலத்தது பேய் நகைச்சுவைப் படம். பாழ்மனை ஒன்று, அஞ்சி ஓடும் குடும்பம் ஒன்று, இருள்: இவை போதும், செலவு குறைவு.

அவ்வகையில் ராகவா லாரன்ஸ் இயக்கிய ‘காஞ்சனா’ (2011) ஆராயத்தக்கது. நிலத்திற்காகக் கொல்லப்பட்ட திருநங்கை ஒருத்தியும், அவளுக்கு அடைக்கலமளித்த முஸ்லிம் பெரியவரும், மனவளர்ச்சி குன்றிய அவர் மகனும் ஆவிகளாய் நாயகன் உடலிற் புகுகின்றனர். சமூகம் புறந்தள்ளிய மூவர்க்கும் ஒரே வாய். கோமாளிகளின் இரவலே இங்கு ஆவேசமாகின்றது. ஆனால் வேறுபாடு பெரிது. முற்பகுதியில் நாயகனிடம் தோன்றும் பெண்மைச் சாயலைக் கண்டு அவை சிரிக்கின்றது. பிற்பகுதியிற் காஞ்சனாவின் துயர்கண்டு அதே அவை அழவேண்டும். முன்னர்ச் சிரித்ததற்கு எவரும் நாணுமாறு படம் செய்யவில்லை. காஞ்சனாவாக நடித்தவரும் திருநங்கையல்லர், சரத்குமாரே. அவர் நடிப்பிற் கண்ணியம் உண்டு என்பதையும் மறைத்தலாகாது. ஆயினும் இறந்த பின்னரன்றி நீதி கேட்கும் உரிமை இம்மக்களுக்கு இல்லை என்பதே அக்கதையமைப்பின் உட்கிடை.

இப்படங்களின் பாழ்மனையை எமது தீவில் வைத்துப் பார்ப்பின் சிரிப்பு எளிதில் எழாது. 1990 ஒக்ரோபரில் விடுதலைப் புலிகள் வடமாகாண முஸ்லிம்களை வெளியேற்றியபோது, மன்னார்த் தீவில் எருக்கலம்பிட்டி போன்ற ஊர்கள் வெறுமையாயின. மரிக்காரின் பேச்சை வானொலியிற் கேட்டுச் சிரித்த நாட்டில், அவரைப் போன்றோரின் வீடுகள் ஆளின்றிக் கூரை சரிந்து கிடந்தன. படத்திற் பாழ்மனைக்கு உரியவர் இறந்திருப்பார். இவ்வீடுகளுக்கு உரியவர்களோ புத்தளத்தின் ஓலைக் கொட்டில்களில் உயிரோடு இருந்தனர்.