முதன்மை எண்ணும் மலையகப் பள்ளியும்

தோட்டப்புறத்தில் எண் என்பது நெடுங்காலம் துரைமாரின் உடைமையாகவே இருந்தது. பெரட்டுக்களத்தில் ஆளை எண்ணினார்கள். தராசடியில் கொழுந்தின் இறாத்தலை எண்ணினார்கள். செக்றோலில் நாளை எண்ணினார்கள். எண்ணப்பட்டவர்கள் எம் மக்கள். எண்ணும் உரிமையோ பிறர் கையில். 1920ஆம் ஆண்டுச் சட்டம் தோட்டங்களிற் பள்ளி வேண்டுமென்றது. ஆயினும் கூட்டல் கழித்தலுக்கு அப்பால் அப்பிள்ளைகளுக்குக் கணக்கு எதற்கு என்ற எண்ணம் மாறவில்லை. அவர்களுக்குக் கணிதம் வராது என்பது ஒரு விதிபோலவே வழங்கிற்று.

1924இல் பதுளைக்கு இரயில் வந்தது. அதையடுத்த ஆண்டுகளில், எம் முன்னோருட் பலர் கப்பலேறிய அதே திருநெல்வேலிச் சீமையிற் பிறந்த ஒருவர் எண்களின் இயல்பை ஆராய்ந்துகொண்டிருந்தார். சு. சிவசங்கரநாராயண பிள்ளை 1901இல் குற்றாலத்தை அடுத்த வல்லத்திற் பிறந்தவர். ஓராண்டிலே தாயை இழந்தார். பள்ளியிறுதி ஆண்டிலே தந்தையையும் இழந்தார். சாஸ்திரியார் என்ற ஆசிரியர் ஒருவர் கைகொடுத்திராவிடின் அவர் படிப்பு அங்கேயே முடிந்திருக்கும். 1929இல் அவர் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திற் சேர்ந்தார். எந்த முழு எண்ணையும் 73க்கு மேற்படாத ஆறாம் வலுக்களின் கூட்டலாக எழுதலாமென 1940இல் நிறுவினார்.

முதன்மை எண்ணைத் தமிழகத்தார் பகா எண் என்பர். அதைப்பற்றிப் பிள்ளை எழுப்பிய வினாவொன்று எளியது. ஒன்று முதல் ஓர் எண் வரை பெருக்கி, வந்ததோடு ஒன்று கூட்டுக. அதன் முதன்மைக் காரணிகளை அந்த எண்ணால் வகுத்தால் எப்போதும் மீதி ஒன்றுதானா? மூன்று வரை பெருக்கி ஒன்று கூட்டினால் 7; மூன்றால் வகுக்க மீதி ஒன்று. ஐந்துக்கு 121, அதன் காரணி 11, மீதி ஒன்றே. ஏழுக்கு 5041, அதன் காரணி 71, அங்கும் ஒன்றே. இவ்வாறு ஏழுவரை விதி பிழைக்காமல் நிற்கிறது. எட்டிலே முறிகிறது. எட்டுக்கு வருவது 40321. அது 61ஐ 661ஆற் பெருக்கியது. 61ஐ எட்டால் வகுத்தால் மீதி ஐந்து! இவ்வாறு விதியை முறிக்கும் எண்களே இன்று ‘பிள்ளை முதன்மை எண்கள்’ எனப்படுகின்றன. அவற்றிற் சிறியது 23. அவை முடிவின்றித் தொடர்வன என்பதும் பின்னர் நிறுவப்பட்டது.

1950 ஆகஸ்ட் 31இல், அமெரிக்காவிற் கூடிய உலகக் கணித மாநாட்டுக்குச் செல்லும் வழியில், கெய்ரோ அருகே விமான விபத்தில் பிள்ளை மாண்டார். அவருடைய துறையோ வளர்ந்தது. 2024இல் கண்டறியப்பட்ட முதன்மை எண் 4 கோடியே 10 இலட்சத்துக்கு மேற்பட்ட இலக்கங்கள் கொண்டது. வங்கிக் கணக்கின் இரகசியத்தைக் காப்பதிலும் பெரிய முதன்மை எண்களுக்குப் பங்குண்டு. வெறும் அறிவு விளையாட்டு என ஒதுக்கத்தக்கதன்று இது.

ஏழு முறை கண்டதையே விதியென்று கொள்ளக்கூடாது என்பதைக் கணிதம் கற்பிக்கிறது. தோட்டத்துப் பிள்ளையைப்பற்றிய பழைய தீர்ப்போ, ஆசிரியரையும் நூலையும் ஒருமுறையேனும் செவ்வனே கொடுத்துப் பாராமல் எழுதப்பட்டது. லயத்துப் பிள்ளைக்கு உயர்வகுப்பிலே தமிழில் கணிதம் கற்பிக்க ஆசிரியர் வேண்டும்; பசறையிலும் ஹாலிஎலவிலும் பண்டாரவளையிலும் வேண்டும். இது இரக்கத்திற்காகக் கேட்பதன்று, உரிமையாகக் கேட்பது. வல்லத்துச் சிறுவனுக்கு ஒரு சாஸ்திரியார் தற்செயலாக வாய்த்தார். ஊவாவின் பிள்ளைகளுக்கு அது தற்செயலாக இருத்தல் ஆகாது.