கடற்கோளும் அணுவுலையும்: ஒரு வரலாற்று நோக்கு

கடல் நிலத்தைக் கொள்ளும் என்னும் நினைவு தமிழர்க்குப் புதிதன்று. முதற்சங்கம் இருந்த மதுரையைக் கடல் கொண்டதென இறையனார் களவியலுரை கூறும். களனிநாட்டின்மேற் கடல் பொங்கியெழுந்த செய்தியை மகாவம்சமும் உரைக்கும். இவற்றைப் பழங்கதையென ஒதுக்குவார் உளர். ஆயினும், கடல் எவ்வளவு உயரம் எழும் என்னும் வினா, இந்நூற்றாண்டில் அணுமின் நிலையங்களின் உயிர்நிலையைத் தொடும் வினாவாயிற்று.

அணுவுலையை நிறுத்தினும் அதன் வெம்மை உடனே தணிவதில்லை. நிறுத்திய கணத்தில் முழு ஆற்றலின் நூற்றில் ஆறு பங்களவு வெப்பம் எஞ்சி நிற்கும். அதனை ஆற்றுதற்கு நீரும், அந்நீரை இறைத்தற்கு மின்சாரமும் இடையறாது வேண்டும். நீரை நாடியே இந்நிலையங்கள் பல கடலோரத்தில் அமைந்தன. காக்கும் கடலே பகையாதலும் அதனாலேயே நேர்வதாயிற்று.

2004 டிசெம்பர் 26 காலை, சுமாத்திராவருகே தோன்றிய ஆழிப்பேரலை கிண்ணியா, மூதூர், நிலாவெளி முதலாய நம் கரையூர்களை அழித்தது. அதே காலையில் அவ்வலை தமிழ்நாட்டுக் கல்பாக்கத்தையும் அடைந்தது. கடல்நீர் உட்கொள்ளும் சுரங்கவழியே வெள்ளம் ஏறி நீரிறைக்கும் மனையை நிரப்பிற்று. இயங்கிக்கொண்டிருந்த இரண்டாம் உலை பழுதின்றி நிறுத்தப்பட்டது. ஊழியர் குடியிருப்போ பல உயிர்களை இழந்தது.

2011 மார்ச் 11 அன்று யப்பான் கண்டது இதனினும் கொடிது. புக்குசிமாவில் 35 மீற்றர் உயர்ந்த மேட்டை ஏறத்தாழ 10 மீற்றராகக் குறைத்து நிலையம் அமைத்திருந்தனர். 14 மீற்றரளவு எழுந்த அலை கீழ்த்தளத்து மின்னாக்கிகளை மூழ்கடித்தது. மூன்று உலைகள் உருகின. நிலநடுக்க மையத்திற்கு அதனினும் அணித்தாயிருந்த ஒனகவா நிலையமோ தப்பியது. 869ஆம் ஆண்டின் யோகன் பேரலையை எடுத்துக்காட்டி, உயர்ந்த நிலமே வேண்டுமென வாதாடினார் கிராய் யனோசுக்கே என்னும் பொறியியலாளர். அதனால் அந்நிலையம் 14.8 மீற்றர் உயரத்தில் எழுந்தது. ஆயிரத்தாண்டுக்கு முற்பட்ட ஒரு வரலாற்றுக் குறிப்பே அதனைக் காத்ததெனின் மிகையாகாது.

இலங்கையில் இன்னும் அணுமின் நிலையம் இல்லை. ஆயினும் அது பற்றிய ஆராய்ச்சி நடைபெற்றுள்ளது. நம் திருக்கோணமலைக் கரையோ 1964 டிசெம்பர்ச் சூறாவளியையும், 2004இன் பேரலையையும், 2020 டிசெம்பரில் வடக்கே கரையேறிய புறெவிப் புயலையும் கண்டது. 1901 முதல் 2018 வரை உலகக் கடல்மட்டம் ஏறத்தாழ 20 சதமமீற்றர் உயர்ந்துள்ளமையால், பழைய அலையே மீண்டும் வரினும் முன்னினும் உயர்ந்தே வரும்.

ஆதலின், எக்கரையில் எந்நிலையம் அமைப்பினும், அக்கரையின் கடல் வரலாற்றை முதலில் ஆராய்தல் வேண்டும். எவ்வூரில் எத்தெருவரை நீர் ஏறிற்று என்பதைக் கண்ட முதியோர் இன்னும் நம்மிடையே உளர். அவர்தம் வாய்மொழியை ஏட்டில் ஏற்றுதல் வரலாறு பயிலும் மாணவர்க்குரிய கடனாகும். நாளைய பொறியியலாளன் தேடும் அளவுகோல் அவ்வேட்டிலே கிடைத்தல் கூடும்.