வியா மக்வேதா: பலெர்மோ நகரின் இசைமரபும் அதன் காவலரும்

சிசிலித் தீவின் தலைநகராகிய பலெர்மோவின் பழைய நகர்ப்பகுதியை வடக்குத் தெற்காக ஊடறுத்துச் செல்லும் பெருந்தெரு வியா மக்வேதா. சிசிலி இசுபானிய மன்னரின் ஆட்சிக்கு உட்பட்டிருந்த காலத்தில், 1600ஆம் ஆண்டு, அரசப் பிரதிநிதியாக இருந்த மக்வேதா கோமகன் இத்தெருவை அமைக்கத் தொடங்கினார். அவர் பெயரே தெருவுக்கு வழங்கலாயிற்று. பலெர்மோவின் இசை வரலாற்றின் இருவேறு போக்குகளை இத்தெருவின் அருகமைவிலேயே காணலாம். ஒன்று அரங்கில் வளர்ந்த இசை. மற்றொன்று தெருவிலும் வீட்டு வாயிலிலும் வளர்ந்த இசை. இவ்விரண்டும் காக்கப்பட்ட முறையை ஒப்புநோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

அரங்கிசையின் பெருமை உலகறிந்தது. அலெசாந்த்ரோ ஸ்கார்லாத்தி 1660இல் பிறந்த நகரம் இது. வியா மக்வேதாவை அடுத்துள்ள சதுக்கத்தில் இருந்த கரொலினோ அரங்கில் 1825–26ஆம் ஆண்டுகளில் தொனிசெத்தி இசைப் பொறுப்பாளராகப் பணியாற்றினார். வாக்னர் தம் இறுதி இசைநாடகமான 'பார்சிபால்' நூலின் இசையமைப்பை 1882 சனவரியில் இந்நகரில் நிறைவு செய்தார். தெருவின் வடகோடியில் எழுந்த மாசிமோ அரங்கு 1897 மே 16 அன்று வெர்தியின் 'பால்ஸ்டாப்' இசைநாடகத்துடன் திறக்கப்பட்டது. கட்டடக் கலைஞர் பசீலே தொடங்கிய பணியை, அவர் மறைவுக்குப்பின் மகன் எர்னெஸ்தோ முடித்தார். இவ்வரங்கிற்கு இடம் தருவதற்காகப் பழைய தேவாலயங்களும் கன்னியர் மடங்களும் இடிக்கப்பட்டன.

தெருவிசையின் வரலாறு இதனினும் பழமையானது. வியா மக்வேதாவுக்கு மேற்கே, பல்லரோ சந்தைக்கு அருகில், இயேசு சபையினரின் 'காசா புரொபெஸ்ஸா' ஆலயம் உள்ளது. அங்கே 1661இல் பார்வையற்ற இசைவாணர் தமக்கெனச் சங்கம் ஒன்றை நிறுவினர். 'ஓர்பி' என வழங்கப்பட்ட இவர்கள் வயலினும் கித்தாரும் இசைத்துப் பாடினர். 1624இல் நகரைத் தாக்கிய கொள்ளைநோயைத் தீர்த்தவராக மக்கள் நம்பும் புனித ரொசாலியாவின் வரலாறும், கிறித்து பிறப்பு நாளுக்கு முந்திய ஒன்பது நாள் வழிபாட்டுப் பாடல்களும் இவர்களுடைய பாடுபொருள். நேர்ந்துகொண்ட குடும்பத்தார் இவர்களைத் தம் இல்லத்திற்கு அழைத்துப் பாடச்செய்து, உரிய கூலி வழங்கினர். பாணரும் புரவலரும் என்னும் சங்ககால உறவை அறிந்த தமிழர்க்கு இம்முறை புதிதன்று. கண்ணால் படிக்கும் ஏட்டின் துணையின்றி, செவிவழியாகவே இப்பாடல்கள் தலைமுறை கடந்தன.

1767இல் இயேசு சபையினர் சிசிலியிலிருந்து வெளியேற்றப்பட்டமையால் சங்கம் தன் புரவலரை இழந்தது. எனினும் பாடல் நிற்கவில்லை. வீடுகளுக்கு அழைத்துப் பாடச்செய்யும் வழக்கம் அருகியபோதுதான் அது தளர்ந்தது. 20ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் இறுதிப் பாடகர்களோடு அம்மரபு ஓய்ந்தது. மாசிமோ அரங்கும் 1974இல் மூடப்பட்டு 23 ஆண்டுகள் பூட்டிக் கிடந்தது. ஆயினும் 1997 மே மாதம் மீண்டும் திறக்கப்பட்டது. கல்லால் ஆகியதைப் பழுதுபார்த்துத் திறக்க இயன்றது. குரலால் ஆகியதற்கு அத்தகைய வாய்ப்பு இல்லை.

அக்குரலில் ஒரு பகுதியேனும் எஞ்சியமைக்கு அதனைக் கேட்டு எழுதியோரே காரணர். பலெர்மோ இசைக்கல்லூரி ஆசிரியரான அல்பெர்த்தோ பவாரா (1863–1923) சிசிலியின் உழவர், மீனவர், தெரு வணிகர் பாடல்களையும் பறையொலியின் தாளங்களையும் இசைக்குறியீட்டில் பதிவு செய்தார். ஆயிரத்துக்கும் மேற்பட்ட உருப்படிகள் கொண்ட அத்தொகுப்பு அவர் வாழ்நாளில் முழுமையாக வெளிவரவில்லை. மறைந்து 34 ஆண்டுகளுக்குப்பின், 1957இல் ஒத்தாவியோ தீபியின் பதிப்பாக வெளிவந்தது. ஏறத்தாழ அதே காலத்தில் தஞ்சையில் வாழ்ந்த மருத்துவர் ஆபிரகாம் பண்டிதர் (1859–1919) தமிழிசையின் தொன்மையை ஆராய்ந்து 1917இல் 'கருணாமிர்த சாகரம்' வெளியிட்டார். ஈழத்து அறிஞர் விபுலானந்த அடிகளின் 'யாழ்நூல்' 1947இல் அரங்கேறியது. இவர்களை ஒன்றுபடுத்துவது, மறையும் இசைக்குச் செவிகொடுத்துச் சான்று ஏற்படுத்திய கடமையுணர்வே ஆகும்.

இவ்வரலாறு தமிழர்க்கு வெறும் ஒப்பீடு அன்று. 1980களிலிருந்து இலங்கைத் தமிழர் பலெர்மோவில் குடியேறி வாழ்கின்றனர். கத்தோலிக்கரும் சைவரும் ஆகிய அவர்கள் பெல்லெக்ரினோ மலையிலுள்ள ரொசாலியாவின் குகைக் கோயிலுக்கு வழிபடச் செல்கின்றனர். ஓர்பிகள் பாடிய அதே புனிதைக்கு இன்று தமிழிலும் வேண்டுதல் எழுகின்றது. தாயகத்தில் கற்ற பாடல்களோடு வந்த முதல் தலைமுறை முதுமை எய்தி வருகின்றது. இத்தாலியில் பிறந்தோர்க்கு அப்பாடல்கள் செவிவழிச் செய்தியாகவே எஞ்சும் நிலை உள்ளது. ஆகவே புலம்பெயர் தமிழரின் தாலாட்டு, ஒப்பாரி, வழிபாட்டுப் பாடல் ஆகியவற்றைப் பாடுவோர் வாழும்போதே ஒலிப்பதிவு செய்து, பாடியவர் ஊரும் பாடும் சூழலும் குறித்து, நூலகங்களில் சேர்த்தல் தமிழாய்வுலகின் உடனடிக் கடமையாகும். பவாராவின் தொகுப்பு அச்சேற 34 ஆண்டுகள் பிடித்தன; அவர் எழுதிவைத்தமையால்தான் காத்திருப்பதற்கும் ஒரு பொருள் இருந்தது.